நருமதைக் கரையில் மூன்று நாட்கள்

ரயில்வே ஊழியருக்குப் பயணம் அலுத்துப் போயிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நாள் முழுவதும் பிறருடைய பயணங்களுக்கு உரிய கணக்குகளை எழுதுகிறோமே ஒழிய, குடும்பத்தோடு பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு நாங்கள் வண்டி ஏறுவது ஆண்டுக்கு ஓரிரு தடவைதான். அதுவும் ஊரில் ஒரு திருமணம், ஒரு காதணி விழா, அல்லது உடல்நலம் குன்றிய பெரியவர் ஒருவரைக் காணுதல் என்று கழிந்துவிடும். உல்லாசத்துக்கென்றே ஒரு பயணம் போவது சென்ற டிசம்பர் விடுமுறையில்தான் எங்களுக்குக் கைகூடியது. அதைப் பற்றி எழுதுமாறு இதழாசிரியர் அன்புடன் கேட்டுக்கொண்டதால் இதனை எழுதலானோம்.

நாங்கள் சென்ற இடம் ஜபல்பூர். அங்கே இருக்கும் எங்கள் நண்பரை நம் சங்கத்து அன்பர்களில் பலர் அறிவார்கள். பொங்கல் விழா நாடகத்தில் எமன் வேடம் தாங்கி வந்து, கிரீடம் நழுவியபோதும் வசனத்தை விடாமல் பேசி முடித்தவர் அவர்தாம். அஜ்னி ரயில்வே குடியிருப்பில் ஆறு ஆண்டுகள் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். நடுவே இருந்த சுவர் பெயரளவுக்குத்தான். சாம்பார் இப்புறமிருந்து போகும். அப்பளம் அப்புறமிருந்து வரும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாகபுரியே நோயில் நடுங்கிய நாட்களில், நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஒரே சமயத்தில் படுக்கையில் விழுந்தோம். பதினெட்டு நாட்கள் எங்கள் குழந்தைகள் இருவரையும் தம் வீட்டில் வைத்துக் காத்தவர்கள் அந்தத் தம்பதியர். வேளை தவறாமல் வாசற்படியில் கஞ்சிப் பாத்திரம் வந்து நிற்கும். அந்த ஆண்டின் இறுதியில் நண்பர் மேற்கு மத்திய ரயில்வேக்கு மாற்றலாகி ஜபல்பூருக்குப் போய்விட்டார். "வருகிறோம், வருகிறோம்" என்று தொலைபேசியில் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததிலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன.

இடார்சி வழியாகச் செல்லும் இரவு வண்டியில் புறப்பட்டோம். ஒரு கூடை நாகபுரி ஆரஞ்சு, வழிக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும், குளிருக்குக் கம்பளி. இவ்வளவையும் இருக்கைக்குக் கீழே அடுக்கிய பிறகுதான் எங்கள் பெண்ணுடைய பள்ளிப் பையும் உடன் வந்திருப்பது தெரிந்தது. விடுமுறையில் பாடப் புத்தகம் எதற்கு என்று கேட்டோம். "பாடம் இல்லை, தாத்தாவுக்குக் காட்டத் தமிழ் நோட்டு" என்றாள். அவள் தாத்தா என்றது நண்பருடைய தந்தையாரை. காவிரிக் கரைக் கிராமம் ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனைக் காண நாகபுரிக்கு வந்த இரண்டு கோடை விடுமுறைகளிலும் நம் சங்கத்துச் சிறுவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தியவர். பெண்ணுக்கு அகரம் எழுதக் கைபிடித்துக் கொடுத்தவரும் அவரே.

காலையில் வண்டி ஜபல்பூரை அடைந்தபோது, நண்பர் எங்கள் பெட்டி நிற்கும் இடத்திலேயே நின்றிருந்தார். ரயில்வேக்காரர் அல்லவா! பெட்டி நிற்கும் இடம் அவருக்குத் தெரியாதா? நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அதன் பெருமையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பம்பாயிலிருந்து வந்த இருப்புப் பாதையும் கல்கத்தாவிலிருந்து வந்த இருப்புப் பாதையும் 1870-இல் கைகோத்துக்கொண்டது இந்த ஜபல்பூரில்தான். அதன் பின்னரே அவ்விரு பெருநகரங்களுக்கும் இடையே ரயிலிலேயே செல்ல முடிந்தது. 2003-ஆம் ஆண்டு முதல் மேற்கு மத்திய ரயில்வேயின் தலைமையகமும் இங்கேயே இருக்கிறது. "ஐயா, நாங்கள் உல்லாசப் பயணம் வந்திருக்கிறோம். அலுவலகத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம்" என்று கைகூப்பினோம்.

வீட்டில் பெண்மணிகள் இருவரும் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு, ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் சிறுவனும் நண்பருடைய மகனும் ஐந்து நிமிடம் வெட்கப்பட்டு நின்றார்கள். ஆறாவது நிமிடம் கட்டிலின்மீது ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் மட்டும் சன்னல் ஓரத்து நாற்காலியில், காதை மூடிய கம்பளிக் குல்லாயுடன் அமர்ந்திருந்தார். "வாருங்கள்" என்றார், ஊரில் எல்லாரும் நலமா என்று கேட்டார், பிறகு மௌனமாகிவிட்டார். சங்கத்துக் கூடத்தில் முப்பது சிறுவர்களின் இரைச்சலைத் தம் ஒரே குரலால் அடக்கியவர் இவர்தாமா என்று நாங்கள் திகைத்தோம். சென்ற வைகாசியில் அவருடைய துணைவியார் காலமானார். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் அவரை இங்கே அழைத்து வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

அன்று பிற்பகல் மதன் மகால் என்னும் சிறு கோட்டையைக் காணச் சென்றோம். குன்றின் உச்சியில், ஒரு பெரும் பாறையின்மீதே கட்டப்பட்ட பழங்கால கோண்டு அரசர் கட்டடம் அது. இந்தப் பகுதியை ஆண்ட ராணி துர்க்காவதி, 1564-ஆம் ஆண்டில் அக்பருடைய படையை எதிர்த்து நின்று போர்க்களத்திலேயே உயிர் நீத்தாள். அவள் புகழை இவ்வூரார் இன்றும் பெருமிதத்துடன் பேசுகிறார்கள். கோட்டைக்கு அருகே ஒரு பாறைமீது இன்னொரு பாறை மிகச் சிறிய இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தொட்டால் உருண்டுவிடும் போலத் தோன்றுகிறது. ஆனால் 1997 மே 22-ஆம் நாள் ஜபல்பூரை உலுக்கிய நிலநடுக்கத்திலும் அது அசையவில்லையாம். சிறுவர் இருவரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். பாறை அதற்கும் அசையவில்லை.

மாலையில் நருமதையின் குவாரிகாட் படித்துறை. இருள் கவியும் வேளையில் மணியோசையோடு தீபாராதனை நடக்கிறது. இலைத் தொன்னைகளில் ஏற்றிய சிறு விளக்குகள் நீரில் மிதந்து செல்கின்றன. நம் ஊர் ஆடிப்பெருக்கை நினைத்துக்கொண்டோம். திரும்பும் வழியில் இவ்வூரின் புகழ்பெற்ற கோவா ஜிலேபியை வாங்கித் தந்தார் நண்பர். கன்னங்கரேலென்று இருந்ததைக் கண்டு, தீய்ந்து போனதைத் தள்ளிவிட்டார்களோ என்று ஐயுற்றோம். ஒன்றைத் தின்ற பின்னர் ஐயம் நீங்கியது. நான்கைத் தின்ற பின்னர் இரவு உணவும் நீங்கியது.

எல்லாரும் உறங்கிய பிறகு நண்பர் தாழ்வாரத்தில் அமர்ந்து மனம் திறந்தார். "இந்தக் குடியிருப்பில் தமிழ் பேசுவோர் வேறு யாரும் இல்லை. நான் அலுவலகம் போகிறேன். இவள் பள்ளியில் கற்பிக்கப் போகிறாள். பையனும் படிக்கப் போகிறான். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். 'தாதாஜி, நமஸ்தே' என்பார்கள். அப்பாவும் கைகூப்புவார். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். என்னிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 'ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு. போவதற்கு மட்டும் போதும்.' பூட்டிய வீட்டில் அவருக்குச் சமைத்துப் போட யார் இருக்கிறார்கள்? உங்கள்மீது அவருக்குப் பிரியம் அதிகம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்கிறோம் என்று தலையசைத்தோம். ஆனால் என்ன சொல்வது? எங்கள் பெற்றோரும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம்; ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோம்; அதையே கடமை என்று எண்ணி ஆறுதல் கொள்கிறோம். பிறருக்கு அறிவுரை கூற எங்களுக்கு என்ன தகுதி என்ற எண்ணத்தில் அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

மறுநாள் பேடாகாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஜபல்பூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவு. ஒரு வண்டியை அமர்த்தியிருந்தார் நண்பர். "நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் பெரியவர். எங்கள் பெண் தமிழ் நோட்டை அவர் மடியில் வைத்து, "வண்டியில் திருத்துங்கள், தாத்தா. இங்கே நேரமில்லை" என்றாள். மறுக்க வழியில்லாமல் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். நாங்கள் ஆயத்தமாக வைத்திருந்த நயவுரை ஒன்றும் தேவைப்படவில்லை.

வழியில் தேவர் என்னும் சிற்றூர் வருகிறது. கலசூரி மன்னர்களின் தலைநகராக விளங்கிய பழைய திரிபுரி இதுதான். 1939-ஆம் ஆண்டில் சுபாஷ் சந்திர போஸ் தலைவராக இருந்த காங்கிரஸ் மகாசபை கூடியதும் இந்தத் திரிபுரியில்தான். பெரியவர் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்து சன்னல் வழியே பார்த்தார். "திரிபுரிக் காங்கிரஸ் என்று எங்கள் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கேயா அது!" என்றார். புறப்பட்ட பின்னர் அவர் பேசிய முதற்பேச்சு அதுதான்.

முதலில் துவாந்தார் அருவிக்குச் சென்றோம். 'துவா' என்றால் இந்தியில் புகை. நருமதை முழுவதும் ஒரு பாறைப் பள்ளத்தில் ஒரேயடியாக விழ, நீர்த்திவலைகள் வெண்புகையாக மேலெழுகின்றன. ஓசை தொலைவிலேயே கேட்கிறது. அருகில் நின்றாலோ பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கேட்பதில்லை. அருவிக்கு மேலே ஆற்றைக் கடக்கக் கம்பிவட ஊர்தியும் உண்டு. சாரலில் நனைந்த பெரியவர் குல்லாயைக் கழற்றி உதறினார். "துவாந்தார் என்பானேன்? தூவானம் என்றே வைத்திருக்கலாமே!" என்றார். ஓசையில் யாருக்கும் காதில் விழவில்லை. மூன்று தடவை கூறும்படி ஆயிற்று. மூன்றாவது தடவை நாங்கள் அனைவரும் சிரித்தோம்.

ஒரு மரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்த்தோம். புளியோதரையும் தயிர்ச் சாதமும் பச்சைப் பட்டாணிப் பொரியலும். குளிர்காலத்தில் ஜபல்பூர்ப் பட்டாணிக்கு நிகர் வேறு இல்லை. ஒரு குரங்கு வந்து அப்பளக் கட்டைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறி, எங்களைப் பார்த்துக்கொண்டே நொறுக்கித் தின்றது. எமன் வேடம் போட்டவர் எவ்வளவோ கர்ச்சித்துப் பார்த்தார். குரங்கு அவரைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்து அறுபத்துநான்கு யோகினியர் கோயில். நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் இடையிடையே நின்று, பேரன் தோளைப் பற்றியவாறு ஏறி வந்துவிட்டார். 10-ஆம் நூற்றாண்டில் கலசூரி மன்னர் காலத்தில் எழுந்தது இக்கோயில். வட்டமாகச் சுற்றிவரும் கல் மண்டபம். மேலே திறந்த வானம். நடுவே கௌரிசங்கரர் சன்னதி. சுற்றிலும் மாடந்தோறும் யோகினியர் திருவுருவங்கள். பல சிதைந்து கிடக்கின்றன. எனினும் அவற்றின் கம்பீரம் குறையவில்லை. பெயர்தான் அறுபத்துநான்கு; உண்மையில் 81 யோகினியருக்கென அமைந்த கோயில் இது என்பர் அறிஞர்.

அதைச் சரிபார்க்கக் குழந்தைகள் எண்ணத் தொடங்கினார்கள், இந்தியில். "தமிழில் எண்ணினால்தான் கணக்கில் சேர்ப்பேன்" என்றார் பெரியவர். பேரன் ஐம்பத்தெட்டு வரை வந்தான். அடுத்தது ஐம்பத்தொன்பதா, அறுபத்தொன்பதா என்று விழித்தான். எங்கள் சிறுவன் எழுபதிலிருந்து நேரே தொண்ணூறுக்குத் தாவினான். பெரியவர் கைத்தடியால் தரையில் தட்டி, "மீண்டும் முதலிலிருந்து!" என்றார். சங்கத்துக் கூடத்தில் ஒலித்த அதே குரல்! மூன்று சுற்றுக்குப் பின் ஒருவனுக்கு 79 வந்தது. மற்றவனுக்கு 83 வந்தது. பரிசு இருவருக்கும் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

பிறகு அவர் மண்டபத்துத் திண்ணையில் அமர்ந்து, சுற்றியிருந்த வட்டத்தை நெடுநேரம் நோக்கினார். "தம்பி, கோளகி மடம் என்று கேள்விப்பட்டதுண்டா?" என்று வினவினார். இல்லை என்றோம். "பழைய சைவ மடம். தமிழ்நாட்டுக் கோயில்களின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சிலவற்றில் அதன் பெயர் வரும். ஆந்திர நாட்டில் ராணி ருத்திரமாதேவி காலத்தில், 1261-இல், மல்காபுரத்தில் பொறித்த கல்வெட்டும் அந்த மடத்து ஆசாரியரைப் பேசுகிறது. மடத்தின் மூலம் நருமதைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட இந்த நாடுதான். கோளம் என்றால் உருண்டை. இந்த வட்டக் கோயிலை ஒட்டித்தான் கோளகி என்ற பெயரே வந்தது என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பில் பாடம் சொன்னேன். இதைக் கண்ணால் காண்பேன் என்று நினைத்ததில்லை" என்றார்.

சற்றுப் பொறுத்து, தமக்குத் தாமே பேசுவதுபோல, "அவர்களும் இங்கிருந்து நம் பக்கம் நடந்தே வந்தவர்கள்தாமே. வந்த புதிதில் மொழி தெரியாமல் எத்தனை நாள் ஊமையாய் இருந்தார்களோ!" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தவாறு நின்றார்.

மாலையில் படகு. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகுவதால் படகுகள் ஓடுவதில்லை. செல்ல விரும்பும் அன்பர்கள் இதை நினைவில் கொள்க. இருபுறமும் பளிங்குப் பாறைகள் சில இடங்களில் 30 மீட்டர் வரை செங்குத்தாக உயர்ந்து நிற்க, நடுவே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்கு நருமதை சத்தமின்றிச் செல்கிறது. அருவியில் ஆர்ப்பரித்த ஆறு இதுதான் என்று நம்ப முடியவில்லை. வெண்மை, மஞ்சள், இடையிடையே கருமையும் பச்சையும் கலந்த கோடுகள். வெயில் சாயச் சாயப் பாறையின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. 2021-இல் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது.

பேடாகாட்டுப் படகோட்டிகள் பேச்சில் வல்லவர்கள். எதுகை மோனையோடு இந்தியில் பொழிகிறார்கள். 1960-இல் வெளிவந்த 'ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை' என்னும் திரைப்படத்தை இங்கே எடுத்ததை இன்றும் நேற்று நடந்ததுபோல வருணிக்கிறார்கள். பேரன் தாத்தாவுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனான். இரு கரைப் பாறைகளும் நெருங்கி வரும் ஓரிடத்துக்குக் 'குரங்குத் தாவல்' என்று பெயர். படகோட்டி அதைப் பற்றி ஒரு முழக்கம் முழங்கினான். பையன் யோசித்து, "முன்னாலே குரங்குகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவுமாம், தாத்தா. இப்போது... இப்போது தாவுவதில்லையாம். ரிடையர் ஆகிவிட்டனவாம்" என்றான். படகோட்டி உண்மையில் என்ன சொன்னானோ! பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். படகும் குலுங்கியது. "பென்ஷன் உண்டா என்று கேளடா!" என்றார். பையன் கேட்டான். படகோட்டியும் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

இந்த ஜபல்பூரில்தான் 1828-இல் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி, இந்தியாவில் முதன்முதலாக டைனோசர் எலும்புகளைக் கண்டெடுத்தார். இதை நண்பர் சொல்லக் கேட்ட சிறுவர்கள், கரையிறங்கியதும் கூழாங்கல் ஒவ்வொன்றையும் எலும்பு என்று பொறுக்கிப் பை நிறையக் கொண்டுவந்தார்கள். அந்தப் பையையும் நாங்களே சுமந்தோம்.

மூன்றாம் நாள் காலை எங்களை வழியனுப்ப அனைவரும் நிலையத்துக்கு வந்தார்கள், பெரியவரும் வந்தார். நைன்பூர், பாலாகாட், கோந்தியா வழியே திரும்பவேண்டும் என்பது நண்பரின் கட்டளை. அந்தப் பாதையில் 762 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய சிறு ரயில் 2015-இல் நின்றுபோயிற்று. இப்போது அகலப் பாதையாகி, சாத்பூரா மலைக்காடுகளின் ஊடே பெரிய வண்டிகள் ஓடுகின்றன. ஆரஞ்சு கொண்டுவந்த கூடையில் பட்டாணியை நிரப்பித் தந்தார் நண்பரின் துணைவியார். "அக்கா, அடுத்த தடவை நான்கு ஆண்டு ஆக்கக்கூடாது" என்றார்; மேலே பேச முடியவில்லை.

வண்டி வரும் நேரத்தில் பெரியவர் எங்களைச் சற்று ஒதுக்கி அழைத்தார். "தம்பி, மாசியில் ஊருக்குப் போக வேண்டும். வீட்டைத் திறந்து பெருக்க வேண்டும். வைகாசியில் அவளுக்கு ஆண்டுத் திதி. அதை அங்கேதான் செய்ய வேண்டும். பதிவு செய்ய முடியுமா?" என்றார். "செய்யலாம், ஐயா" என்றோம். எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அவர் தொடர்ந்தார்: "ஆனியில் திரும்புவதற்கும் சேர்த்து."

"முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்கும், ஐயா. ஆனிக்கு இன்னும் திறக்கவில்லை" என்று விதியை எடுத்துரைத்தோம். குமாஸ்தா புத்தி! அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். "அப்படியானால் திறக்கும் நாளைக் குறித்து வை. ஊருக்குப் போனபின் எனக்கு மனம் மாறினாலும் மாறும். நீ நினைவுபடுத்து" என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு அருகில் வந்த நண்பரிடம் இதைப் பற்றி அவரும் சொல்லவில்லை. நாங்களும் அப்போது சொல்லவில்லை.

அந்த நாள் ஏப்ரல் மாதத்தில் வருகிறது. நாட்குறிப்பில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்த வரியில், எங்கள் பெற்றோரைக் கோடைக்கு இங்கே அழைத்துவர டிக்கெட் எடுக்க வேண்டிய நாளையும் எழுதியிருக்கிறோம். அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ, இதுவரை கேட்கவில்லை. வருகிற ஞாயிறு தொலைபேசியில் கேட்க வேண்டும்.